கணக்கில் ஏறாத பந்து

மைதானத்து வாசலில் அன்று டிக்கெட் வரிசையைவிட நீளமாக இன்னொரு வரிசை. ஆட்டம் பார்க்க வந்த கூட்டம் அல்ல. பேஸ்பாலில் பந்து எறியும் பிள்ளைகளைப் பெற்ற புண்ணியவான்கள், ஆளுக்கொரு கூடை நிறையப் பந்துகளோடு, 'பந்து மகான்' என்ற சாமியாரின் தரிசனத்துக்குத் தவம் கிடந்தார்கள்.

மகான் பந்தை வாங்குவார், கண்ணை மூடுவார், ஊதுவார். அவ்வளவுதான். அந்தப் பந்தைப் பயிற்சியில் எத்தனை தடவை எறிந்தாலும், வளரும் கை இத்தனைதான் எறியலாம் என்ற கணக்கில் ஏறாதாம், கை வலிக்காதாம்! ஊதுகூலி மட்டும் உடனே ஏறிவிடும்.

பயிற்சியாளர் பாவம், தொண்டை வறளக் கத்தினார். "ஆட்டத்துல எறியறதை மட்டும் எண்ணாதீங்க. வீட்ல பழகறதையும் சேர்த்து எண்ணுங்க. வளர்ற கை, நடுவுல லீவு குடுங்க!" காசு வாங்காமல் சொன்ன புத்தி அல்லவா, யார் காதில் ஏறும்?

வரிசையின் முதல் ஆள் பூட்டுக்கடைக்காரர். எந்தப் பூட்டையும் கம்பியால் திறப்பவர். தன் மூளையில் தொங்கிய பூட்டு மட்டும் அவர் கண்ணில் படவில்லை. பெரிய அணிக்கு அடுத்த வாரம் ஆள் எடுக்கிறார்கள். மகன் தேறிவிட வேண்டுமே என்று காலையும் மாலையும் ஊதிய பந்தை எறியவிட்டார். பையன் இப்போது சட்டைப் பொத்தானை இடது கையால் போடுகிறான்.

"சாமி, முழங்கை வலிக்குதுங்கறான்," என்றார் பவ்யமாக.

"பந்துல குறையில்லப்பா. பையனுக்கு நம்பிக்கை பத்தல. நம்பறவன் கைக்கு வலியே வராது. இன்னும் ரெண்டு கூடை கொண்டா."

"கேட்டியாடா? எல்லாம் உன்னாலதான்!" என்று மகனை முறைத்தார். பையன் தலையைக் குனிந்துகொண்டான். பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சாமி, இந்தப் பந்தை ரொம்ப நம்பறவர் யாரு?"

"நானேதான் தாயே!" கூட்டம் கைதட்டியது.

"அப்போ நீங்களே எறிஞ்சு காட்டுங்க. எங்க பையன் தினம் எறியறது இந்த ஒரு கூடைதான்."

நேரம் சரியில்லை என்றார் மகான். பக்தர்கள் விடுவார்களா? தூக்காத குறையாக மைதானத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

முதல் சில பந்துகள் ஜோராகத்தான் போயின. பிறகு ஒவ்வொன்றும் எதிரே கட்டிய வலைக்குப் போகாமல் வழியிலேயே இளைப்பாறியது. அங்கி தொப்பலாக நனைந்தது. கூடை பாதிகூடக் காலியாகவில்லை, "ஐயோ!" என்று முழங்கையைப் பிடித்துக்கொண்டு மகான் உட்கார்ந்துவிட்டார்.

"ஊதிக்கோங்க சாமி," என்றாள் அவள்.

"ஊதறதாவது! ஐஸ் கொண்டாங்கய்யா! டாக்டர் யாராவது இருக்காங்களா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்து முடித்ததும் ஊதுகூலியைத் திருப்பிக் கேட்டு மகானைச் சூழ்ந்துகொண்டது. பூட்டுக்கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. மகனிடம் திரும்பினார்.

"எப்பலேர்ந்துடா வலிக்குது?"

"மொத வாரத்துலேர்ந்தேப்பா. சொன்னேனே."

சொன்னான்தான். அவர்தான் கேட்கவில்லை.

இந்த வருஷம் பையன் பந்தையே தொடக் கூடாது என்றுவிட்டார் டாக்டர். அணித் தேர்வு போயிற்று, கை தப்பியது. பிள்ளை நாள்தோறும் சொன்னபோது நம்பாத ஊர், மகான் ஒரே ஒரு தடவை அலறியதும் நம்பிவிட்டது. பெற்ற பிள்ளை "வலிக்குது" என்றால் நம்புவதற்குக்கூடவா ஒரு சாமியார் வேண்டும்? கொஞ்சம் யோசியுங்களய்யா, அதற்கு யாரும் கூலி கேட்பதில்லை!