சீமையில் பெரட்டுக்குக் கொம்பு ஊதின சங்கதி

தலைச்சோலையில் வாழும் பெரிய மனசுக்காரரான மாமனார் அங்கப்பன் அவர்கள் சமூகத்துக்கு, சீமையிலிருந்து மருமகன் செங்கோடன் தரையில் விழுந்து கும்பிட்டு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் துரை அவர்களும் உயிரோடு இருக்கிறோம். குளிர் எங்களைவிட நல்ல சௌக்கியமாக இருக்கிறது. சேர்வராயன் சாமி கிருபையால் அவ்விடம் தாங்களும், அத்தையும், கர்ப்பிணியாகிய என் மனைவி வீராயியும், கறவை மாடும் சுகம் என்று நம்புகிறேன். இந்தக் கடுதாசியைத் தங்களுக்குப் படித்துக் காட்டுகிற எஸ்டேட் ரைட்டர் ஐயாக்கண்ணு அண்ணனுக்கும் கும்பிடு. அண்ணன் இதை வீராயி பக்கத்தில் இல்லாதபோது படிக்க வேண்டும். இருந்தால் குளிர் சங்கதியை மட்டும் படித்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் காணோம் என்று எழுந்துவிட வேண்டும்.

நான் இங்கே வந்த காரணம் தாங்கள் அறிந்ததே. வாழவந்திச் சரிவில் குதிரை இடறித் துரைக்குக் கால் ஒடிந்தது. சேலத்து டாக்டர் கட்டுப் போட்டும் கால் சரியாக மடங்கவில்லை. சீமையில் அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்து குணமாக்கிக்கொண்டு வரலாம், நீ கூட வந்து தைலம் தேய்த்துவிடு, காப்பிப் பழம் பழுக்கிறதுக்குள் திரும்பிவிடலாம் என்று துரை சொல்லித்தான் ஆடி மாசம் கப்பல் ஏறினேன். ஏறுவதற்கு முந்தி வீராயி சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது. "தை மாசம் பிள்ளை பொறக்கறப்ப நீங்க வாசல்ல நிக்கோணும். நிக்கலீன்னா அதுக்கப்பறம் இந்த வாசல்ல நிக்கவே வேண்டாம்." உங்க மக சொன்னாச் சொன்னதுதான்னு உங்களுக்கு நான் சொல்லோணுங்களா மாமா? இப்ப ஐப்பசி பாதி போயிருச்சு. கப்பலுக்கே ஒரு மாசம் ஆகுது. துரை கிளம்பற பேச்சையே எடுக்க மாட்டேங்கறாரு.

நம்ம எஸ்டேட்டுல துரைன்னா எப்புடி? பூட்ஸை மாட்ட ஒரு ஆளு, கழட்ட ஒரு ஆளு. இங்க வந்த முதல் நாளே, மண்ணோட உள்ள வந்தியான்னு அவுங்க அக்கா ஒரு அதட்டு அதட்டுனாங்க பாருங்க, துரை வெளிய போயி மிதியடியில பூட்ஸைத் தேய்தேய்னு தேய்க்கறாரு. எதுக்கும் இருக்கட்டும்னு பின்னால நின்னு நானும் என்ற வெறுங்காலைத் தேச்சேன். சாப்புட்ட தட்டைத் துரையேதான் கழுவறாரு. நான் பதறிப் போயிப் புடுங்கப் போனா, அந்தம்மா என்ற கையில துணியைக் குடுத்து, அவன் கழுவட்டும், நீ தொடைன்னுட்டாங்க. துரை கழுவ நான் தொடைக்க, ஊர்ல வந்து சொன்னா எவன் நம்புவான்? ரைட்டர் அண்ணா, இதை மட்டும் எஸ்டேட்டுல சொல்லிப்புடாதீங்க. பொறவு ஒருத்தனும் வேலைக்கு வர மாட்டான். குளிக்கறது இங்க சனிக்கெழமை மட்டுந்தான். எனக்கு ஒடம்பெல்லாம் அரிக்க, ஒரு நாள் கோவணத்தோட தெருக் கொழாயடியில ஒக்காந்து நாலு வாளி ஊத்திக்கிட்டேன். தெருவே கூடிருச்சு. போலீஸ்காரர் வந்து கம்பளியைப் போத்தி, கையைப் புடிச்சு ஊட்டுல கொண்டாந்து உட்டாரு. புத்தி கெட்ட ஆளு இல்லீங்க, ஏற்காட்டு ஆளுன்னு துரைதான் சொல்லிக் காப்பாத்துனாரு.

கடைக்குப் போனதையும் சொல்லிப்புடறேன். நம்மூருப் பழக்கத்துல, கூப்புட்டாப் போலாம்னு வாசல்ல ஓரமா நின்னுக்கிட்டிருந்தேன். மழை வேற. கடைக்காரரு, அவரும் வெள்ளைக்காரருதான், நல்ல ஒசரம், அவரே வெளிய வந்து, ஏன் சார் நனையறீங்க, உள்ள வாங்கன்னாரு. துரை பின்னால வந்துட்டாரோன்னு நான் திரும்பிப் பாத்தேன். யாருமில்ல. சார்ங்கறது நாந்தானாம். வாங்க வந்த உருளைக்கெழங்கை மறந்துட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். நெசமாச் சொல்றேன் மாமா, சந்தோசமாவும் இருந்துச்சு, அழுகையும் வந்துச்சு. இத்தனை தூரம் கப்பல் ஏறி வந்து இதைக் கேக்க வேண்டியிருக்கேன்னு கோவமும் வந்துச்சு.

அதை உடுங்க. துரை சங்கதிதான் பெருசு. மனுசன் உச்சி வரைக்கும் தூங்கறாரு. எந்திரிச்சா தடியை ஊணிக்கிட்டு வந்து கணப்புக்கு முன்னால ஒக்காந்து நெருப்பையே பாத்துக்கிட்டிருக்காரு. எஸ்டேட்டை வித்துப்புட்டு இங்கயே இருந்துருன்னு அக்கா சொன்னாலும் சரிங்கறாரு. வக்கீல் வந்து வெலை பேசுனாலும் சரிங்கறாரு. எப்பங்க ஊருக்குன்னு நான் கேட்டா மட்டும், பாக்கலாம் செங்கோடாங்கறாரு. அந்தம்மாளைக் குத்தம் சொல்லக் கூடாதுங்க. அவுங்களுக்கு இந்தத் தம்பியை உட்டா வேற நாதியில்ல. நான் வெச்ச மொளகு ரசத்தைக் கண்ணுல தண்ணி வரக் குடிச்சுப்புட்டு, அடுத்த ஞாயித்துக்கெழமையும் வேணும்னு கேட்ட நல்ல மனுசி. ஆனா துரை இங்கயே இருந்துட்டா நான் எப்புடி ஊர் வந்து சேர்றது?

ரெண்டு நாள் மண்டையைப் போட்டு ஒடைச்சுக்கிட்டேன். பொறவுதான் பிடிபட்டுச்சு. நம்ம எஸ்டேட்டுல அம்மாசி ஊதற கொம்புக்குத்தான அந்த மனுசன் இத்தனை வருசமா எந்திரிச்சாரு? ஆளுங்களை நிறுத்தி வேலை பிரிக்கற பெரட்டுக் களத்துல, ஆளுங்களுக்கு முந்தி நிக்கறது அவருதான? இங்க கொம்பு ஊத நாதியில்ல. ஊதாத ஊர்ல அவரு எப்புடி முழிப்பாரு? ஞாபகத்துக்குன்னு துரை கொண்டாந்த பழைய கொம்பு ஒன்னைக் கூடத்துச் சொவுத்துல மாட்டி வெச்சிருந்தாங்க. நேத்து விடியக்காலம் அதை எடுத்துக்கிட்டுத் தெருவுக்குப் போனேன். சேர்வராயன் இருக்கற தெசை எதுன்னு தெரியல. குத்துமதிப்பா ஒரு பக்கம் கும்புட்டுட்டு, அடிவயித்துல இருந்து ஊதுனேன் பாருங்க.

நாயெல்லாம் கொலைக்குது. சன்னலெல்லாம் தொறக்குது. எங்கயோ தீப் புடிச்சுருச்சுன்னு வாளியும் கையுமா ஆளுங்க ஓடி வர்றாங்க. பாதிரியார் தூங்கற அங்கியோட வந்துட்டாரு. அப்பத்தான் எங்க ஊட்டுக் கதவு படார்னு தொறந்துச்சு. துரை வந்தாருங்க. கையில தடி இல்ல. படியில நெட்டுக்குத்தலா நின்னு, நம்ம பாசையில, லைன்ல நில்லுங்கடான்னு ஒரு சத்தம் போட்டாரு. இந்த ஊரு சனத்துக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் நின்னாங்க மாமா, வரிசையா! பாதிரியாரைக் களையெடுக்க அனுப்பிச்சாரு. கறிக்கடைக்காரரைக் கெழக்குக் காட்டுல கெளை வெட்டிக் கவாத்துப் பண்ணச் சொன்னாரு. போலீஸ்காரரைப் பாத்துக் கூடை எங்கடான்னு கேட்டாரு. அப்பறம் ஒவ்வொரு மொகமாப் பாத்துக்கிட்டே வந்தவரு, கடைசில என்ற மொகத்தைப் பாத்து நின்னுட்டாரு.

"செங்கோடா, நம்ம ஆளுங்க எங்கடா?"

கேட்டுட்டுத் துரை அப்புடியே படியில ஒக்காந்து மொகத்தைப் பொத்திக்கிட்டாரு. நானும் பக்கத்துல ஒக்காந்துட்டேன். வாசப்படியில அவுங்க அக்கா மெழுகுவத்தியோட நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. கொம்பைப் போலீஸ்காரர் வாங்கிக்கிட்டாரு. ஊடு ஊடாப் போயி மன்னிப்புக் கேக்கச் சொன்னாரு. போனேன். கேட்ட ஊட்டுலெல்லாம் ஒக்கார வெச்சு டீ குடுத்தாங்க. அத்தனை டீயையும் குடிச்சு நேத்தெல்லாம் தூக்கமில்ல. கறிக்கடைக்காரரு மட்டும், நாளைக்கு எந்தக் காட்டுல வேலைன்னு கேட்டுக் கேலி பண்றாரு.

இத்தனை பண்ணியும் துரை ஊருக்குப் போற பேச்சை எடுக்கல. இனி எனக்கு வழி தெரியலீங்க மாமா. தை மாசம் நான் வாசல்ல நிக்க முடியாதுன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஆம்பளப் பிள்ளைன்னா சென்றாயன், பொம்பளப் பிள்ளைன்னா முத்தாயி. நீங்களே பேரைக் காதுல சொல்லிப்புடுங்க. வீராயிக்குப் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. அவ அழுதா அழுகட்டும், நானும் இங்க அதைத்தான் பண்றேன். அத்தையின் பாதங்களுக்கும், தலைச்சோலையில் என்னை விசாரிக்கிற அத்தனை பேருக்கும் என் கும்பிடு. விசாரிக்காதவர்களுக்கும் சேர்த்துத்தான். சேர்வராயன் சாமி தங்கள் காட்டுக்கு மழையும் எனக்குக் கப்பலும் அனுப்பட்டும்.

இங்ஙனம்,
தங்கள் மருமகன்
செங்கோடன்

பின்குறிப்பு: மேலே எழுதினதையெல்லாம் அடிச்சுட்டதா நெனைச்சுக்கோங்க. கடுதாசியை ஒட்டப் போறப்ப துரையோட அக்கா வந்து என்ற முன்னால ஒக்காந்தாங்க. நான் துரை பங்களாவுல கேட்டுப் பழகுன இங்கிலீசுல எனக்குப் புரியற மாதிரி மெதுவாச் சொன்னாங்க. "தடி இல்லாம அவன் நின்னதை நேத்துத்தான் பாத்தேன். அவன் இங்க ஒக்காந்துதான் இருப்பான். நீ கூட்டிக்கிட்டுப் போயிரு." சொல்லிப்புட்டு ரொம்ப நேரம் கணப்பைக் கிளறிக்கிட்டிருந்தாங்க. அவுங்களைப் பாக்க எனக்கே பாவமாப் போச்சு. துரைகிட்ட ஓடிப் போயிச் சொன்னேன். பெட்டி ஏற்கெனவே கட்டி வெச்சிருக்காரு. வர்ற வியாழக்கெழமை கப்பல். தபாலும் அதே கப்பல்லதானாம். அதனால ரைட்டர் அண்ணன் இதைப் படிக்கறப்ப நானும் உங்க பக்கத்துலதான் ஒக்காந்திருப்பேன். பேரை நானே சொல்லிக்கறேன். இத்தனை நாள் எங்க போனீங்கன்னு வீராயி வைய ஆரம்பிச்சா யாரும் குறுக்க பேச வேண்டாம். அவ வையறதைக் கேட்டு ரொம்ப நாளாச்சு மாமா.