சக்கரத்தில் நாடி பார்த்த டாக்டர்

விடிவதற்குள் கார்கள் வரிசை கட்டிவிட்டன. பெட்ரோல் பங்கைத் தாண்டி, பள்ளிக்கூட மதிலைச் சுற்றி நீண்டது வரிசை. ஏதாவது இலவசமாகக் கொடுக்கிறார்களா? அதுதான் இல்லை! காசைக் கொடுத்து, காரிலிருந்து ஓர் உறுப்பையும் கொடுத்துவிட்டுப் போகத்தான் இந்தத் தள்ளுமுள்ளு.

வாங்கிக்கொள்பவர் இன்ஜின் டாக்டர். எங்கே படித்தார் என்று கேட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவருக்கல்ல, பக்தகோடிகளுக்கு.

காருக்கு அடியில் புகையைச் சுத்தம் செய்யும் டப்பா ஒன்று இருக்கிறதல்லவா? அதுதான் காரைப் பிடித்த பிசாசு என்பது டாக்டரின் மாபெரும் கண்டுபிடிப்பு.

"மூக்கைப் பொத்திக்கிட்டு உங்களால ஓட முடியுமா? பாவம், வாயில்லா ஜீவன், கார் மட்டும் ஓடணுமா? எல்லாம் கம்பெனிக்காரன் சதி!"

கூட்டம் கைதட்டியது. ஏற்கெனவே டப்பாவைப் பறிகொடுத்த கார்கள் கக்கிய புகையில் இருமிக்கொண்டே தட்டியது.

நம் டாக்சிக்காரரும் தட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி அவர் கையைப் பிடித்து இறக்கினாள். இருவருக்கும் சேர்த்து ஒரே கார். பகலில் அவர் ஓட்டுவார், இரவில் அவள்.

"என்னங்க, டப்பா இல்லேன்னா புகைச் சோதனையில ஊத்திக்கும். பர்மிட் போயிடும். அப்புறம் எதை ஓட்டுறது, தள்ளுவண்டியையா?"

"சும்மா இரு. பேங்க் மேனேஜரே எடுத்திருக்கார். படிச்சவர் ஏமாறுவாரா?"

முன்னால் நின்ற மேனேஜர் திரும்பினார். தன் காருக்கு எடுத்தாகிவிட்டது. இன்று மாமனார் காரோடு வந்திருந்தார். "பறக்குதும்மா! ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கலேன்னா ஆகாயத்துக்கே போயிடும்!"

மேனேஜர் மாமனார் காருக்குச் சீட்டு வாங்கப் போனார். அதற்குள் டாக்சியின் முறை வந்துவிட்டது. டாக்டர் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் மண்டியிட்டு, காற்று அடிக்கும் வால்வில் விரலை வைத்து, கண்ணை மூடி நாடி பார்த்தார். 'உஸ்ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது.

"கேட்டீங்களா? வண்டி பெருமூச்சு விடுது!"

டாக்சிக்காரருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. இருபது வருடமாக ஸ்டியரிங் பிடித்த மனுஷர்! டயரில் காற்று இறங்கினால் என்ன சத்தம் வரும் என்பது அந்த நேரத்தில் மறந்துபோய்விட்டது.

"இப்ப ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க," என்றார் டாக்டர்.

ஓட்டினார். கார் சேற்றில் மாட்டிய எருமை போல முக்கியது.

"ஐயோ டாக்டர், நேத்து வரைக்கும் நல்லா ஓடிச்சே!"

"முத்திப்போச்சு. நல்லவேளை, வந்தீங்க. வண்டியை உள்ளே விடுங்க. டீ குடிச்சிட்டு வந்து கழட்டிடறேன்."

தார்ப்பாய்த் திரைக்குள் கார் நின்றது. கழற்றிய டப்பாக்களைப் போட்டுவைக்கும் உள் ரூம் பக்கத்திலேயே பூட்டிக் கிடந்தது. டாக்டர் போனதும் மனைவி குனிந்து டயரை அமுக்கினாள். டயர் உள்ளே போயிற்று. அவள் டிக்கியைத் திறந்து மிதிபம்பை எடுத்தாள்.

"அடியே, என்ன பண்ற? டாக்டர் பார்த்தா என்ன ஆகும்?"

"வாயை மூடிக்கிட்டு மிதிங்க."

மிதித்தார். வியர்வை கொட்டக் கொட்ட நான்கு டயரும் நிமிர்ந்தன. மனைவி திரையை விலக்கி, மேனேஜரைக் கூப்பிட்டாள். "சார், டாக்டர் கை வச்ச வண்டி. நீங்க அனுபவசாலி, ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்களேன்."

மேனேஜர் ஒரு சுற்று போய், தலைமுடி கலைந்து வந்து இறங்கினார். "அடேயப்பா! பிசாசு ஓடியே போச்சு! என் வண்டியைவிட இதுதான் பறக்குது!"

கூட்டம் ஆரவாரித்தது. டீக்கிளாசோடு ஓடிவந்த டாக்டர் மட்டும் திருதிருவென்று விழித்தார்.

"கொஞ்சம் குனிஞ்சு அடியில பாருங்க சார்," என்றாள் அவள்.

மேனேஜர் குனிந்தார். அப்படியே இருந்தார். நிமிரவே மனம் வரவில்லை. "டப்பா... இருக்கே!"

"இருக்கும். யாரும் கழட்டலையே! நாடி பார்க்கிற சாக்குல இவர் காத்தை இறக்கினார். டப்பாவைக் கழட்டினப்புறம் இவரே ஏத்திடுவார். இன்னிக்கு நாங்க ஏத்தினோம். அவ்வளவுதான் வைத்தியம்."

டாக்டர் சீறினார். "பிசாசோட விளையாடாதே! குடும்பத்தையே பிடிச்சுக்கும்!"

"அப்படியா? இத்தனை பிசாசையும் கழட்டி உள் ரூம்ல பூட்டி வச்சிருக்கீங்களே, உங்களை ஏன் பிடிக்கல? நான் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில விசாரிச்சேன். அந்த டப்பாவுக்குள்ள பிளாட்டினம் இருக்காம். பழசுக்கே நல்ல விலையாம்!"

அடுத்த நொடி, கூட்டம் உள் ரூம் கதவில் மோதியது. டாக்டர் பின்பக்கச் சுவர் ஏறிக் குதித்தார். அன்றைக்கு உண்மையிலேயே பறந்தவர் அவர் ஒருவர்தான்.

டாக்சிக்காரர் காரைத் தடவிக் கொடுத்தார். பிழைப்பு தப்பியது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கிளம்பலாம் என்று ஏறினால், வழியை மறித்தது யார்? மேனேஜர். கைகூப்பிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் பழைய வரிசை, புதிதாக.

"அம்மா, உங்க கை ராசியான கை. எங்க வண்டிக்கும் உங்க கையால காத்து அடிச்சு விடணும்!"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"காத்து அடிச்சது பம்பு சார், அதையும் இவர் காலால மிதிச்சார்! டப்பாவைக் கழட்டிக் கொடுத்தா புகைச் சோதனையில மட்டும்தான் மாட்டுவீங்க. மூளையைக் கழட்டிக் கொடுத்தா, வர்றவன் போறவன் எல்லார்கிட்டயும் மாட்டுவீங்க. வழியை விடுங்க!"