கடைசி மனுஷன் வேஷம்

அன்புள்ள மருமகனுக்கு,

சின்ன மாமா எழுதுவது. நீயும் உன் அம்மாவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் சௌக்கியமாக இல்லை. காரணம் உன் படம்.

நேற்று பார்த்தேன். பூமியில் எல்லோரும் போய்ச் சேர்ந்து ஒரே ஒருத்தன் மிஞ்சுகிறான், சரி, அந்த ஒருத்தன் உன் பெரிய மாமாவா? என்னைவிட ஒரே வயசு மூத்தவன், நாற்பது வருஷம் பஸ் கண்டக்டராகக் கூட்டத்துக்குள்ளேயே கிடந்தவன், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாலும் வெளியே இருப்பவர்களோடு பேசிக்கொண்டிருப்பவன். தனிமையைப் பற்றி அவனுக்கு என்னப்பா தெரியும்? நீ படம் பிடித்த அந்த மூடின நூல் ஆலையில், ஆட்களெல்லாம் போன பிறகு ஆறு வருஷம் ஒண்டியாகக் காவல் இருந்தவன் நான். என்னை எதுக்குக் கூப்பிட்டே? கேட்டைத் திறந்துவிட. "சின்ன மாமா, கேமரா பக்கம் வந்துடாதீங்க, பெரிய மாமா ஒருத்தர்தான் உயிரோட இருக்கணும்"னு மூணு தடவை சொன்னே. வயிறு எரிஞ்சுதுப்பா, மறைக்க என்ன இருக்கு.

அவன் ஒரு ஆரஞ்சை ஒன்பது நிமிஷம் உரிக்கிறான். உலகத்தோட கடைசி ஆரஞ்சாம். கண்ணாடி போடலேன்னா அவனுக்கு எப்பவுமே அவ்வளவு நேரம் ஆகும்! அதுக்கு என் பக்கத்து சீட்டு அம்மா மூக்கைச் சிந்துறாங்க. அப்புறம் சுவரை வெறிச்சுப் பார்த்தான், கைதட்டல். அதே சுவரை நான் ஆறு வருஷம் பார்த்தேன், ஒருத்தராவது கை தட்டினாங்களா? இப்போ வீட்டுக்கு வந்து, "தம்பி, கலைஞனுக்கு மௌனம் முக்கியம்டா"ன்னு காலையிலேர்ந்து மூச்சு விடாம விளக்குறான்.

இனி உன் படத்துக்கு என்னைக் கூப்பிடாதே. சாவியும் கேட்காதே. அம்மாவை விசாரித்ததாகச் சொல். நீ நல்லாயிருந்து இன்னும் நூறு படம் எடுக்கணும், கொஞ்சம் வேகமா.

இப்படிக்கு,
கேட்டைத் திறந்துவிட்ட சின்ன மாமா

பி.கு.: ஆரஞ்சு உரிக்கும்போது ஜன்னலுக்கு வெளியே ஒரு உருவம் குறுக்கே போகுதே, அதுதான் மனித குலத்தின் நம்பிக்கையான்னு படம் முடிஞ்சதும் பத்திரிகைக்காரர் ஒருத்தர் உன்னைக் கேட்டார். நீயும் தாடியைத் தடவிக்கிட்டு, "அதைப் பார்க்கிறவங்க முடிவுக்கே விட்டுட்டேன்"னே. அது நான்தான். அண்ணன் பிரஷர் மாத்திரையை வண்டியிலேயே மறந்துட்டான், வேளைக்குப் போடலேன்னா தலை சுத்தி விழுந்துடுவான். அதான் எடுத்துக்கிட்டு ஓடினேன். அவனும் போயிட்டா எனக்கு யாருப்பா இருக்கா? அந்தக் கடைசி மனுஷன் வேஷம் எனக்கு வேணாம். ஜன்னல்ல நான் வர்ற இடத்தை மட்டும் வெட்டிடாதே.