வேகத்தடை மின்சாரம்

முட்டியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனைவி ஐரின், ஞாயிறுதோறும் அல்சூர் மாதா கோயில் பூசைக்குக் குலுங்காமல் போய்வர வேண்டும். அதற்காகத்தான் ஓஸ்வால்ட் ஹைப்ரிட் கார் வாங்கினார். ஹெப்பகோடியில் அவர்கள் குடியிருந்த அடுக்ககத்தின் சங்கம் அதை வேறு கண்ணால் பார்த்தது. சங்கங்களுக்கு எப்போதும் வேறு கண்தான்.

கார் வந்த வாரமே விசாரணைக்கு அழைத்தார்கள். தலைவர் கோவிந்தப்பா நடுநாயகமாக வீற்றிருக்க, செயலாளர் தமயந்தி தொடங்கினார்.

"ஓஸ்வால்ட் சார், உங்க வண்டியில பேட்டரி இருக்குதா?"

"இருக்குது மேடம்."

"அதுல சார்ஜ்?"

"அதுவும் இருக்குது."

"நம்ம சார்ஜிங் பாயின்ட்ல ஒருநாள்கூட நீங்க சொருகினதில்லையே. அப்ப கரன்ட்டை எங்கேருந்து திருடுறீங்க?"

ஓஸ்வால்ட் பொறுமையாக விளக்கினார். மெதுவாகப் போனால் மோட்டார் இழுக்கும், வேகம் பிடித்தால் பெட்ரோல் இன்ஜினும் கைகொடுக்கும். பிரேக் போட்டால், வீணாய்ப் போகிற வேகத்தில் கொஞ்சம் மின்சாரமாகி பேட்டரிக்குத் திரும்பும். நெரிசலில் பெட்ரோல் மிச்சம், காலியான ஹைவேயில் அவ்வளவு லாபமில்லை. விலையும் கூடுதல், பேட்டரி போனால் தலையில் துண்டுதான். இவ்வளவிலும் சங்கத்தின் காதில் விழுந்தது பிரேக் மட்டும்தான்.

"நோடி ஸ்வாமி, இங்க பாருங்க," என்றார் கோவிந்தப்பா. "உள்ள வந்தா பிரேக் எங்க போடுறீங்க?"

"ஸ்பீட் பிரேக்கர்ல."

"அந்த ஸ்பீட் பிரேக்கர் யாருது?"

"சங்கத்துது."

"அப்ப கரன்ட் யாருது?"

வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தச் சொல்லிவிட்டால் ஐரின் அத்தனை தூரம் நடக்க வேண்டுமே என்று ஓஸ்வால்ட் கணக்குப் போட்டார். "சங்கத்துதுதான் சார்," என்று ஒப்புக்கொண்டார்.

ஒப்புக்கொண்டதால் மன்னிக்கப்பட்டார். மின் உற்பத்திக்கு வழிகாட்டிய செம்மல் என்று பொன்னாடையும் போர்த்தப்பட்டார். "மேற்படி வளத்தைப் பெருக்கும் பொருட்டு" வளாகத்தில் பத்தடிக்கு ஒரு வேகத்தடை முளைத்தது. வீட்டுக்கு வீடு ஹைப்ரிட் வந்தது. ஹைப்ரிட் இல்லாத வீட்டில் பெண் கொடுக்க யோசித்தார்கள்.

"முதல்ல பெட்ரோல்தானே வண்டியைத் தள்ளுது," என்று ஓஸ்வால்ட் ஒருமுறை முனகிப் பார்த்தார்.

"நெகடிவ்வா பேசாதீங்க சார்," என்றார் தமயந்தி.

பொன்னாடை போர்த்திய தோளோடு உண்மை பேசுவது கஷ்டம். நாளடைவில் அவரும் ருசி கண்டுவிட்டார். சிக்னலில் சிவப்பு விழுந்தால் முகம் மலர்ந்தது, பச்சை விழுந்தால் பெருமூச்சு வந்தது.

"ஏங்க, பள்ளம் பார்த்துப் போங்க," என்பாள் ஐரின், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

"பார்த்துத்தான் போறேன்," என்பார். ஒன்றையும் தவறவிடாமல் பார்த்துத்தான் போனார்.

அந்தச் சமயத்தில் வெளிச்சாலைக் குழிகளை மூட, தார் லாரியோடு நகராட்சி அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். சங்கமே திரண்டு மறித்தது. குழி இல்லாமல் பிரேக் ஏது, பிரேக் இல்லாமல் சார்ஜ் ஏது? குழிகளைக் காக்கக் கோரும் மனுவில் முதல் கையெழுத்து ஓஸ்வால்டுடையது.

மனுவைப் படித்ததும் அதிகாரிக்குக் கண் கலங்கியது.

"இத்தன வருஷமா எங்களைத் திட்டாத ஆளில்ல. எங்க திட்டத்தைப் புரிஞ்சுக்கிட்டவங்க நீங்க மட்டும்தான்," என்று கும்பிட்டுவிட்டு லாரியைத் திருப்பிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு, வாசல் தாண்டி மூன்றாவது குழியிலேயே ஐரின் கதவைத் திறந்து இறங்கிவிட்டாள்.

"எங்கம்மா போற?"

"மெட்ரோவுக்கு. டாக்டர் நடக்கத்தான் சொன்னாரு, குலுங்கச் சொல்லல. நீங்க பிரேக் போட்டுட்டு மெதுவா வாங்க."

அவள் தாங்கித் தாங்கி நடந்து போவதை ஓஸ்வால்ட் பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் சங்கத்து வண்டிகளெல்லாம் குழிக்குக் குழி பிரேக் போட்டு, முழு சார்ஜோடு வரிசையில் நின்றன. ஒன்றும் நகரவில்லை.