டிகிரி அண்ணையும் துரையும்

மைனஸ் முப்பதில் வீட்டுக்கு வெளியே நின்று, வானொலிக்காரன் சொன்னது அரை டிகிரி பிழை என்று கோபப்பட்ட ஒரே தமிழர் மொன்றியலில் எங்கள் டிகிரி அண்ணைதான்.

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற வேலை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் நீளமான சமையல் வெப்பமானி. இரண்டாயிரத்து நாலில் நான் அவர் வீட்டு மாடிக்குக் குடிபோனேன். இருந்த மூன்று வருடத்தில் ஒரு நாளும் சூடாகத் தேநீர் குடித்ததில்லை. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்போம், கோப்பையை வைத்ததும் வெப்பமானி உள்ளே இறங்கிவிடும்.

"எழுபத்தொண்டு. பொறு தம்பி, அறுபதுக்கு வரட்டும்."

ஒரு கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பால் சொதிக்குள்ளும் விட்டுப் பார்த்தார். பரிமாறியவர் அந்த வரிசைப் பக்கம் பிறகு வரவே இல்லை.

இந்த வியாதி பீரால் வந்தது. ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, நிலவறையில் அண்ணை சொந்தமாக பீர் காய்ச்சுவார். கூட்டாளி துரை. என்ன சாதி என்று எந்த வைத்தியரும் உறுதியாகச் சொல்லாத, முப்பது கிலோ எடையுள்ள பழுப்பு நாய்.

"துரை வந்திட்டாரோ? அவர் வராமல் அடுப்பு மூட்டேலாது."

"என்னை வா, போன்னு கூப்பிடறீங்க. நாய்க்கு மட்டும் மரியாதையா அண்ணே?"

"நீ குடிக்க வாற ஆள். அவர் வேலை செய்யிற ஆள்."

வேலை உண்மைதான். பார்லி அறுபத்தாறு டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறும்வரை துரை பானையருகே அசையாமல் படுத்திருக்கும். பிறகு இரண்டு வாரம் பீர் புளிக்கும்போது, வாளி மூடியிலுள்ள குழாயில் 'புளுக்' என்று குமிழி வரும். ஒவ்வொரு குமிழிக்கும் துரையின் இடது காது ஆடும். அண்ணை குமிழியைப் பார்ப்பதில்லை, காதைத்தான் எண்ணுவார்.

"நிமிசத்துக்கு ஆறுதரம் ஆடுது. இன்னும் முடியேல்லை."

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கான போட்டி ஒன்று வருடந்தோறும் நடக்கும். அண்ணை மூன்று முறை கலந்துகொண்டு மூன்று முறையும் கடைசி. ஒரு நடுவர் எழுதிய ஒரே பாராட்டு, 'போத்தல் சுத்தமாக இருக்கிறது.' நாலாவது வருடம் அண்ணை அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் வரவழைத்தார். பீருக்குக் கசப்பும் மணமும் தருகிற காய்ந்த பச்சைப் பூ அது. நாய்க்கோ விஷம். தின்றால் காய்ச்சல் ஏறி உயிரே போகலாம். அதனால் எப்போதும் மேல் தட்டில்தான் இருக்கும்.

போட்டிக்கு பீர் காய்ச்ச அதுதான் கடைசி ஞாயிறு. பானை கொதித்தது. அண்ணை தட்டுக்குக் கை நீட்டினார். பொட்டலம் இல்லை. அது கிழிந்து, வெறுமையாக, துரையின் பாயில் கிடந்தது. துரை நாக்கைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

"தம்பி! துரை திண்டிட்டார்!"

விமானப் பெட்டி தூக்குகிற கை. முப்பது கிலோவையும் ஒரே மூச்சில் காரில் ஏற்றினார். அடுப்பை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

மிருக வைத்தியர், காய்ச்சல் ஏறுகிறதா என்று பார்க்கவேண்டும் என்றார். அண்ணை உடனே பையிலிருந்து வெப்பமானியை உருவினார். நாய்க்கு அதை எங்கே வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"அண்ணே, வேண்டாம். அது காலையில என் டீக்குள்ள இருந்தது!"

வைத்தியர் துரையின் வாலைத் தூக்கிவிட்டு, தன்னுடையதை எடுத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம். காய்ச்சல் ஏறவில்லை. துரை அங்கிருந்த பிஸ்கட் தட்டைக் காலி செய்தது. அப்போது என் கைபேசி அடித்தது. அக்கா.

"எங்க போயிட்டியள் எல்லாரும்? பானை பொங்கி ஊத்தி, கீழ ஒரே புகை! நான் வந்து அடுப்பை நூத்தன்."

"துரை ஹாப்ஸைத் தின்னுடுச்சு அக்கா!"

"எந்த ஹாப்ஸ்? அந்தக் காய்ஞ்ச பூவோ? எனக்கு மூக்கடைப்பெல்லே. சுடுதண்ணியில போட்டு, தலையைப் போர்த்து வேது பிடிச்சன். நல்ல மணம், நல்ல நித்திரை. வெறும் பையை அவன்ர பாயிலதான் போட்டுட்டன் போல."

அண்ணையிடம் சொன்னேன். அந்த வருடப் போட்டி அடுப்பில் வழிந்து போய்விட்டது. கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் தரையில் உட்கார்ந்தார். வெப்பமானி சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. துரையின் இடது காதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டார்.

"சூடு அளவாய் இருக்கு."

"எத்தனை டிகிரி அண்ணே?"

"அளவாய் இருக்கெண்டுறன். பேசாமல் இரு."

அடுத்த பக்கம் உட்கார்ந்து மற்றக் காதை நான் பிடித்துப் பார்த்தேன். அளவாகத்தான் இருந்தது. துரை கண்ணை மூடிக்கொண்டார்.