இருபத்தொன்றாம் நம்பரில் ஒரு டீ

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே உங்கள் மாமியார் சௌக்கியம், பூனையும் சௌக்கியம்; நான் மட்டும் சௌக்கியமில்லை. என் மகளும் நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், ஏனென்றால் நீங்கள் எங்கள் ஆபீஸில் வேலை பார்க்கவில்லை.

முந்தாநாள் தாங்கள் வந்து, எங்கள் தலைமை ஆபீஸ் போன்களையும் எண்பது மைல் தள்ளியிருக்கும் ஆலை போன்களையும் கம்ப்யூட்டர் லைன் வழியாக ஒன்றாக இணைத்துவிட்டு, "இனிமே ஆபரேட்டரே தேவையில்ல மாமா, நேரா நம்பர் போட்டாப் போதும்" என்று சிரித்தீர்கள். அந்த ஆபரேட்டர் நான்தான் என்பது ஞாபகம் இருந்ததோ இல்லையோ, மரியாதைக்கு நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் முதலாளிகள் அண்ணன் தம்பி. பெரியவர் இங்கே, சின்னவர் ஆலையில். பன்னிரண்டு வருஷமாக நேரடிப் பேச்சில்லை; எதுவானாலும் என்னிடம் சொல்வார்கள், நான் அந்தப் பக்கம் சொல்வேன். சொன்னதைச் சொன்னபடியா சொல்ல முடியும்? "அந்தத் தடியன் சரக்கை அனுப்புனானா, தூங்கிட்டானா, கேளு" என்பார் பெரியவர். "உங்க உடம்பு எப்படி இருக்குன்னு அண்ணன் கேட்டாங்க சார், அப்படியே சரக்கையும் விசாரிச்சாங்க" என்பேன் நான். அங்கிருந்து வரும் வசவையும் இப்படியே துவைத்து, இஸ்திரி போட்டுத்தான் உள்ளே அனுப்புவேன். கம்பெனி நன்றாக ஓடியது.

தாங்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. இங்கே 21 டீ ரூம். அங்கே 21 சின்னவர். இணைத்தபின் இங்கே 21 போட்டால் மணி ஆலையில்தான் அடிக்கிறது. நேற்றுக் காலை பெரியவர் வழக்கம்போல 21 போட்டு, "சர்க்கரை கம்மியா ஒரு டீ, சீக்கிரம்" என்றார். உங்கள் லைனில் குரல் போய்ச் சேர ஒரு விநாடி ஆகிறதே, அதற்குள் "காது செவிடாடா?" என்று அவரே இன்னொரு சத்தம் போட்டார். கதவு திறந்திருந்தது, என் காதும் திறந்திருந்தது. போன் ஸ்பீக்கரில் சின்னவர் தழுதழுத்தார்: "அண்ணா, நீங்களேவா! தினமும் என் உடம்பை விசாரிக்கிறீங்களே, அதுவே போதும்னு இருந்தேன்."

"நான் எப்படா விசாரிச்சேன்?" என்று கேட்டுவிட்டார் பெரியவர்.

அரை மணி நேரம் இருவரும் நான் இதுவரை சொன்னதையெல்லாம் ஒத்துப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை சின்னவர் இங்கே வருகிறார். நான் இருவர் முன்னாலும் நிற்க வேண்டுமாம். ரிட்டயர் ஆக இரண்டு வருஷம் இருக்கிறது மாப்பிள்ளை. வேலை போனால் உங்கள் வீட்டு மாடி அறைக்குத்தான் வந்து சேருவேன், யோசித்துக்கொள்ளுங்கள். அதற்குமுன் உங்கள் கைபட்டு ஒரு ஒயர் தற்செயலாகக் கழன்றால், பேச்சு பழையபடி என் வழியாக வரும், நான் எப்படியாவது சமாளித்துவிடுவேன். எலி கடித்தது என்று சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் இருவருக்கும் சகல நன்மைகளும் சேரட்டும். நீங்கள் போட்ட லைன்கள், எங்களுடையது நீங்கலாக, நீடூழி ஓடட்டும்.

இப்படிக்கு,
மாமனார்
(ஆபரேட்டர், வெள்ளிக்கிழமை வரை)

பி.கு.: கவரை ஒட்டும்போது பெரியவர் கூப்பிட்டார். "அவன் இருமிக்கிட்டே இருக்கான்யா. நேரா கேக்கக் கூச்சமா இருக்கு. நீ எப்பவும் கேக்குற மாதிரி கேளேன். வெள்ளிக்கிழமையும் எங்கேயும் போயிடாத, பேச நடுவுல ஆள் வேணும்." கேட்டேன். "இது அண்ணன் கேக்குறதா, நீங்களா கேக்குறதா?" என்றார் சின்னவர். "சத்தியமா அண்ணன்தான் சார்" என்றேன். பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறை உண்மையைச் சொன்னேன், அவர் நம்பவில்லை. எப்படியும் நடுவில் நான் வேண்டியிருக்கிறது, ஆகையால் ஒயரைத் தொட வேண்டாம். 21-ஐயும் மாற்ற வேண்டாம். பெரியவர் இன்று அந்த நம்பரில் நாலு தடவை டீ கேட்டுவிட்டார். ஒரு டீயும் வரவில்லை, அவர் கோபிக்கவும் இல்லை.