பதினொரு மின்விசிறிகளும் ஓர் அப்டேட்டும்

தபான்ஹின்
வியாழக்கிழமை, மாலை

பாங்காக் மாநகரில் வசிப்பவரும், என் மகள் ரவிவானின் கணவரும், பொறுமைக்குப் பேர்போனவருமான மாப்பிள்ளை கித்தி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரும் உங்கள் மாமனாருமாகிய சங்வான் எழுதிக்கொள்வது. நீங்களும் ரவிவானும் சளி காய்ச்சல் இல்லாமல், மழைத் தண்ணீரில் கார் மிதக்காமல், சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கு நான் நலம். வழக்கமாக இந்த வரியை யாரும் படிக்க மாட்டார்கள். இந்த முறை தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள், ஏனென்றால் ஊரில் எல்லோரும் நான் செவ்வாய்க்கிழமை இறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மின்விசிறியும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே பதினொன்று வந்துவிட்டன.

போனில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நேற்று உங்களைப் பதினேழு தடவை அழைத்தேன், ரவிவானை இருபத்திரண்டு தடவை. ஒன்றுகூட உங்களை வந்து சேர்ந்திருக்காது. என் எண்ணை மோசடிக் கும்பலின் எண் என்று அறுபத்து மூன்று பேர் புகார் செய்திருக்கிறார்கள். அத்தனை பேர் புகார் செய்த எண்ணை உங்கள் போன்களில் இருக்கும் காவல் செயலி மணி அடிக்கக்கூட விடாமல் வெட்டிவிடுமாம். முப்பத்தைந்து வருடம் ரயில்வேயில் ஒரு நாள் மெமோ வாங்காதவன், மாப்பிள்ளை. எல்லாவற்றுக்கும் காரணம் சோங்கிரான் புத்தாண்டுக்கு நீங்கள் அன்போடு வாங்கிக் கொடுத்த லூமா போன். உங்களைக் குறை சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஆறு வருடமாக ஒரு தாரோ போன் இருந்தது. கண்ணாடி கீறல், மூலையில் பிளாஸ்திரி, திறந்தால் முதலில் உடல் இளைக்கும் மருந்து விளம்பரம் வரும். இருந்தாலும் அது என் சொல்படி கேட்கும். எழுத்தைப் பூசணிக்காய் அளவு பெரிதாக்கு என்றால் ஆக்கும், மணியை ரயில் கூவலாக மாற்று என்றால் மாற்றும். அதற்கு அப்டேட் என்று ஒன்று வருவதாகப் பேச்சு மட்டும் உண்டு. பாங்காக்கில் கிளம்பி, ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, வழியில் சரக்கு வண்டிக்கெல்லாம் ஒதுங்கி, தபான்ஹின் வருவதற்குள் அடுத்த அப்டேட் அங்கே கிளம்பியிருக்கும். லூமா அப்படி இல்லை. அதன் அப்டேட் எக்ஸ்பிரஸ் மாதிரி உலகம் முழுவதும் ஒரே நாளில் வந்து நிற்கும். அழகு, சுத்தம், பாதுகாப்பு, எல்லாம் சரி. ஆனால் சாவி அவர்கள் கையில். நாம் வெறும் பயணி. எந்த ஜன்னல் திறக்கலாம் என்பதைக்கூட அவர்களே தீர்மானிப்பார்கள். ஸ்டேஷனை நடத்தியவனுக்கு அது கொஞ்சம் கஷ்டந்தான்.

இதில் என் தினசரிக் கடமை ஒன்று இருக்கிறது. எங்கள் ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் குரூப்பில் இருநூற்றுப் பத்துப் பேர். காலை ஆறு மணிக்கு, அந்த நாளின் நிறத்தில் பூப்படம் போட்டு வணக்கம் சொல்வது நான். திங்கள் மஞ்சள், செவ்வாய் இளஞ்சிவப்பு, புதன் பச்சை, வியாழன் ஆரஞ்சு, வெள்ளி வானநீலம் என்று ஆறு வருடமாக ஒரு நாள் தவறியதில்லை. பல் பிடுங்கிய அன்றும் போட்டேன். டிக்கெட் பரிசோதகராக இருந்த உதோம் என்னை முந்த வேண்டும் என்று ஐந்து ஐம்பத்தைந்துக்கே ஒரு பூவைப் போட்டுப் பார்த்தான், யாரும் சீண்டவில்லை. ஆறு மணி என்றால் சங்வான். என் பூவுக்குக் கீழே ஆறு ஐந்துக்கு ஒரு முயல் பொம்மை கைகூப்பும். அதை அனுப்புவது பிரனோம். எங்கள் ஸ்டேஷனில் டிக்கெட் கொடுத்தவர், கணவர் போய் எட்டு வருடம் ஆகிறது. மற்றவர்கள் அனுப்பும் பொம்மைகளை நான் பார்ப்பதில்லை. வயதான காலத்தில் மாமனார் இப்படி எழுதுகிறாரே என்று நினைக்காதீர்கள், ரவிவானிடம் படித்துக் காட்டவும் வேண்டாம்.

இப்போது செவ்வாய்க்கிழமை. அதற்கு முன் நான்கு நாளாக லூமா என்னிடம் கேட்டுக்கொண்டே இருந்தது. 'புதிய அப்டேட் தயார்' என்று. 'இப்போதே' என்ற பொத்தான் வாசற்கதவு அளவு, 'பிறகு' என்பது எறும்பு அளவு. கண்ணாடி போட்டுத் தேடித் தேடி எறும்பையே அழுத்தினேன். செவ்வாய் காலை நான் குளிக்கப் போன நேரத்தில் அது யாரையும் கேட்காமல் ஆரம்பித்துவிட்டது. 'முப்பத்தொன்பது நிமிடம் மீதம்' என்றது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன், அப்போதும் முப்பத்தொன்பது நிமிடம் மீதம். என் ஸ்டேஷனில் இப்படி ஒரு அறிவிப்பு செய்திருந்தால் ஜனங்கள் கல்லால் அடித்திருப்பார்கள். ஆறு மணி போயிற்று, பூ போகவில்லை.

நண்பகலில் போன் கண் விழித்தது. திரை முழுக்கச் சாம்பல் நிறம். 'கண்ணுக்கு ஓய்வு' என்ற புது வசதியாம். திங்களின் மஞ்சளும் சனியின் ஊதாவும் ஒரே சாம்பல். சரி, அதோடு விட்டதா? 'உங்களுக்குப் பூக்கள் பிடிக்கும் என்று தெரிகிறது. உங்கள் முகப்புப் படத்தை அழகுபடுத்தியிருக்கிறோம்' என்றது. பதினோராயிரம் பூப்படம் வைத்திருக்கிறேன் அல்லவா, அதை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறது. என் படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, சுற்றிலும் வெள்ளை ஆர்க்கிட் அடுக்கி, கீழே அழகான எழுத்தில் 'நினைவுகள், 2500 – 2568' என்று போட்டு, குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டது. நம் புத்த ஆண்டுக் கணக்கில் நான் பிறந்த வருடமும் இந்த வருடமும், மாப்பிள்ளை! யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்? காலையில் பூவும் வரவில்லை.

நான் பார்ப்பதற்குள் நூற்று எண்பது பேர் அனுதாபம் எழுதி முடித்திருந்தார்கள். உதோம் ஒரு முழ நீளத்துக்கு இரங்கல் எழுதியிருந்தான். 'இரும்பு மனிதர் சங்வான். முப்பத்தைந்து வருடத்தில் யாருக்காகவும் ஒரு வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தியதில்லை. அவருக்கு இணை அவரே.' உயிரோடு இருந்தவரை என்னைப் பார்த்து 'டேய் மந்தி' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை அவன். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது, இப்பேர்ப்பட்ட மனிதர் போய்விட்டாரே என்று.

அதற்குக் கீழே பிரனோம் எழுதியிருந்தார். 'ஒரு தடவை நிறுத்தினார். என் அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று. கவுன்ட்டரை மூடிவிட்டு ஓடி வந்தேன். எக்ஸ்பிரஸை நான்கு நிமிடம் நிறுத்தினார். தாமதத்துக்குக் காரணம் தண்டவாளத்தில் எருமை என்று பதிவேட்டில் எழுதினார். அந்த எருமை நான்தான்.'

இருபத்திரண்டு வருடமாக அது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மாப்பிள்ளை, செத்தே போயிருந்தாலும் பரவாயில்லை என்று ஒரு கணம் தோன்றியது. உடனே, சாகவில்லை என்று சொல்லியாக வேண்டுமே என்று பதறிப் போய், 'நான் சாகலை, வீட்லதான் இருக்கேன்' என்று தட்டினேன். அங்கேதான் சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தேன். இந்த அப்டேட்டில் எழுத்து உதவி என்றும் ஒன்று வந்திருக்கிறது. அது என் வரியைத் திருத்தி, மெருகேற்றி, 'மதிப்பிற்குரிய அன்பரே! எனது மறைவு குறித்த தகவல் தவறானது. மகிழ்ச்சியான விவரங்களுக்கு இங்கே தொடவும்' என்று அனுப்பிவிட்டது. தொட்டால் என் வீட்டுக்கு வழி காட்டுமாம். யார் தொடுவார்கள்? ஒரே நிமிடத்தில் உதோம் எழுதினான்: 'சங்வானுக்கு மதிப்பிற்குரியன்னு எழுதவே வராது! செத்தவன் போனைத் திருடிட்டானுங்க, பாவிப் பசங்க. எல்லாரும் புகார் குடுங்க.' கொடுத்தார்கள். குரூப்பிலிருந்து என்னைத் தூக்கினார்கள்.

புதன்கிழமை காலையிலிருந்து விசிறிகள் வர ஆரம்பித்தன. மலர்வளையம் வாடிவிடும், விசிறி என்றால் பிறகு விகாரைக்கு உதவும் என்று இப்போது எல்லோரும் அதைத்தானே அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றின் கழுத்திலும் கறுப்பு ரிப்பன், நடுவில் என் பெயர். திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னால் கடைக்காரர், 'சாவுக்குப் போன விசிறியை எவன் அண்ணே வாங்குவான்?' என்கிறார். அடுத்து சவப்பெட்டிக்காரர் அளவு நாடாவோடு வந்தார். ஊருக்குப் புதியவர்.

"ஐயா, உடம்பு எங்க இருக்கு?"

"உன் முன்னாலதான்யா நிக்குது."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஓ, தம்பியா நீங்க? அப்படியே அவரு ஜாடை. துக்கத்துல ஏதேதோ பேசத்தான் தோணும். அவரும் உங்க உயரந்தானே? கொஞ்சம் நேரா நில்லுங்க."

வந்த மனிதரைச் சங்கடப்படுத்துவானேன் என்று நின்றேன். அவர் என் தோளுக்கு நாடா பிடித்துக்கொண்டிருக்கும்போது பிரனோம் உள்ளே வந்தார். கறுப்பு உடை, இடுப்பில் பெரிய பானை, கையில் எலுமிச்சைப்புல் கட்டு. சாவு வீட்டுச் சமையலுக்கு. என்னைப் பார்த்ததும் பானை கீழே விழுந்தது.

"நேத்துலேருந்து அழுது அழுது என் மூஞ்சியப் பாருங்க! இங்க என்னன்னா சட்டைக்கு அளவு குடுக்கற மாதிரி நின்னுக்கிட்டிருக்கீங்க! உயிரோடதான் இருக்கேன்னு ஒரு போன் பண்ண முடியாதா?"

"பண்ணினேன் பிரனோம். ஒம்போது தடவை பண்ணினேன்."

"மோசடின்னு சிவப்பா வந்துச்சு. வெட்டிட்டேன்."

"நான்தான் அது."

"எருமை!" என்றார். பானையை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நேராக ஸ்டேஷன் எதிரே காப்பிக் கடைக்குப் போனேன். என்னைப் பார்த்து உதோமின் ஐஸ் காப்பி மூக்கு வழியாக வந்தது. பேய் இல்லை என்று உறுதிசெய்ய என் காதைப் பிடித்துத் திருகினான். பிறகு கோபம் வந்துவிட்டது.

"டேய் மந்தி, நூத்தியெம்பது பேரு என் இரங்கலைப் படிச்சு அழுதிருக்காங்க. என் வாழ்க்கையிலேயே நல்லா எழுதினது அது ஒண்ணுதான். இப்ப நீ உயிரோட இருக்கேன்னு சொன்னா என் மானம் என்னாவறது? ஒரு வாரம் பொறுத்துக்கயேன்."

"ஒரு வாரம் செத்துக் கிடக்கச் சொல்றியா?"

"சும்மா வீட்டுக்குள்ள இருன்னுதான் சொல்றேன். அப்புறம், அது என்னடா எருமை? அந்த வண்டியில நான் டியூட்டி. எருமை எருமைன்னு நீ சொன்னதை நம்பி ஃபிட்சனுலோக் வர்ற வரைக்கும் ஜன்னல்ல தலைய நீட்டிக்கிட்டு வந்தேன்டா! எல்லாம் அந்த லூமாவால வந்த வினை. எங்க தாரோவா இருந்தா இப்படி ஆவுமா? ரெண்டு வருஷமா ஒரு அப்டேட்டும் வரலை, நிம்மதியா இருக்கேன்" என்று போனைத் தூக்கிக் காட்டினான். அது சமயம் பார்த்து, பத்தே நாளில் தொப்பை கரையும் என்று கடை முழுக்கக் கத்தியது. நிறுத்தப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தான். நான் வந்துவிட்டேன்.

ஆகையால் மாப்பிள்ளை, உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இத்துடன் லூமாவைப் பார்சலில் திருப்பி அனுப்புகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் பழைய தாரோவுக்குக் கண்ணாடி மாற்ற ஆள் பாருங்கள். அறுபத்து மூன்று பேர் வைத்த மோசடிப் பட்டத்தை எங்கே முறையிட்டு எடுப்பது என்று விசாரியுங்கள். குரூப்பில் சேர்க்கச் சொல்லி உதோமிடம் நீங்கள் ஒரு வார்த்தை பேசுங்கள், பாங்காக் ஆள் என்றால் மதிப்பான். இன்று ஆரஞ்சு. மூன்றாம் நாளாக யாருக்கும் பூ அனுப்பவில்லை, ஆறு ஐந்துக்கு முயலும் வரவில்லை. ஒரு பொம்மைக்காகவா இந்தப் பாடு என்று நீங்கள் சிரிக்கலாம். எனக்கு அந்த முயல் வேண்டும்.

உங்கள் இருவருக்கும் பதவி உயர்வும், ஒழுகாத கூரையும், சொன்ன பேச்சைக் கேட்கும் சாதனங்களும் கிடைக்கப் புத்தர் அருளட்டும். ரவிவானை இரவில் தலைக்குக் குளிக்க வேண்டாம் என்று சொல்லவும்.

இன்னும் உயிரோடிருக்கும் மாமனார்,
சங்வான்

பின்குறிப்பு: வெள்ளிக்கிழமை. உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். பார்சல் வராது, தேட வேண்டாம். தாரோவுக்குக் கண்ணாடி வேண்டாம். மோசடிப் பட்டத்தைத் தயவுசெய்து எடுத்துவிடாதீர்கள், உதோமிடமும் பேச வேண்டாம். காலை சரியாக ஆறு மணிக்குப் பிரனோம் பானையை எடுக்க வந்தார். எடுக்கவில்லை. "பொம்மை அனுப்பினா நீங்க இருக்கீங்களா போயிட்டீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்? உங்க போனை நம்ப முடியாது. தினமும் ஆறு மணிக்கு நானே வந்து பாத்துக்கறேன். பானை இங்கயே கிடக்கட்டும்" என்றார். பதினொரு விசிறியில் ஒன்றை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். லூமா இன்னும் சாம்பலாகத்தான் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். அவர் வானநீலச் சட்டை போட்டு வந்திருந்தார்.